ஊதா உடுத்திய குற்றம்

மார்செலினின் குரலுக்கு ஒரு நாள் வாடகை இது: கொம்பு முளைத்த செம்மறிக் கிடா இரண்டு, மாதா கோயிலைக் கழுவி ஜோடிக்க ஆறு பெண்கள், கிரீடத்தோடு ஒரு ராஜா. அதற்கு ஐந்து பாட்டு. ஆறாவது பாடினால் தனிக் கணக்கு. ராஜாவைத் தள்ளிவிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிடாக்களை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

விலை பேசியது நான்தான். காஸ்ட்ரீஸ் சந்தையில் மதராஸ் கட்டத் துணி விற்கிறேன். அம்மாவும் அங்கேதான் விற்றாள். அவள் மேசைக்கு அடியில் தவழ்ந்த வயதில் நான் முதலில் கற்றுக்கொண்ட பொய் "இதுதான் கடைசி விலை" என்பது. கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு விலை, திருவிழாவுக்குத் தலையில் கட்டத் துணி வாங்க வரும் நம் பெண்களுக்கு ஒரு விலை. மதராஸ் எந்தத் திக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் யாராவது வந்து நின்றால் மட்டும் என்ன விலை சொல்வது என்று கொஞ்சம் யோசிப்பேன்.

செயின்ட் லூசியாவில் எங்கள் ஊர் அன்ஸ் கலபாஸ். அங்கே பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆவதற்கு முன்பே பூ முடிவாகிவிடும். ஒன்று ரோஜா, இல்லாவிட்டால் வாடாமல்லி. ரோஜா சபைக்கு ஆகஸ்ட் கடைசியில் திருவிழா, வாடாமல்லி சபைக்கு அக்டோபரில். இரண்டு சபையிலும் ராஜா உண்டு, ராணி உண்டு, நீதிபதி, போலீஸ், நர்ஸ் எல்லாரும் உண்டு. ரோஜாக்காரர்களான நாங்கள் இடுப்பை ஆட்டி, டிரம் அடித்து, கூரைத் தகரம் கிளம்பப் பாடுவோம். அவர்கள் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்து, கசப்பு மருந்து குடித்த முகத்தோடு பாடுவார்கள். அவர்களைக் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: அவர்கள் பாடுகிறார்களாம், நாங்கள் சத்தம் போடுகிறோமாம்.

அந்த வருஷம்தான் நான் முதல்முறையாக ரோஜா ராணி ஆனேன். இளவரசியாகவே இருந்து இருந்து, முழங்கால் வலி வந்த பிறகு கிடைத்த கிரீடம். அது தலையில் உட்காருவதற்குள், எங்கள் முன்பாட்டுக்காரி லியோனீஸ் மார்த்தினீக்குக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அவள் மகளுக்கு அங்கே இரட்டைக் குழந்தை. போன் போட்டு அழுதேன். "ஒடெட்டு, ரெண்டுக்கும் தாலாட்டுப் பாடவே தொண்டை பத்தல. இந்த வருஷம் என்னை விட்டுடு, அடுத்த வருஷமும் எழுதி வச்சுக்காத" என்றாள்.

முன்பாட்டு இல்லாமல் சபை இல்லை. எங்களுக்கெல்லாம் பதில் பாடத்தான் தெரியும். கேள்வியைப் பாட ஒருத்தி வேண்டும். எங்கள் ராஜா மொந்தெசீர், நிஜத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர், ஒரு சனிக்கிழமை தானே பாடிப் பார்த்தார். அவர் பஸ்ஸின் ஹாரனுக்கும் அவருக்கும் ஒரே சுருதி. ஹாரனாவது அழுத்தினால்தான் கத்தும்.

சிரித்தோம், ஆனால் உள்ளுக்குள் பயம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் ஒரு ரோஜா சபை இருந்தது. ஒரு ஆகஸ்டில் பாட ஆளில்லாமல் அவர்கள் திருவிழாவை விட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் சபை கூடவே இல்லை. இப்போது அந்தப் பெண்கள் எங்கள் கூடத்தில் கடைசி பெஞ்சில் விருந்தாளி மாதிரி உட்காருகிறார்கள். அவர்களுடைய பட்டுக் கொடி எங்கள் அலமாரியில் மடித்துக் கிடக்கிறது. எங்கள் கொடி இன்னொருவர் அலமாரிக்குள் போனது ஒடெட் ராணியாக இருந்த வருஷத்தில் என்று பேர் வரப் போகிறது.

ஊரில் கேள்வியைப் பாடக்கூடிய குரல் இன்னொன்று இருந்தது. அது வாடாமல்லியின் குரல்.

ஒரு சபைக்காரி இன்னொரு சபையில் பாடியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் மொந்தெசீரை இழுத்துக்கொண்டு சூஃப்ரியேர் கடற்கரைக்குப் போனேன். அங்கே படகுகள் ஒதுங்குகிற இடத்தில் வாடாமல்லி ராணி எழேனி மீன் விற்கிறாள். செதில் சீவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"என்னடி ரோஜா மகாராணி, மீன் வாங்க வந்தியா, மீன் மாதிரி மாட்டிக்கிட்டு வந்தியா?"

"டூனா என்ன விலை?"

"டூனா வாங்குற மூஞ்சியா இது? லியோனீஸ் போயிட்டாளாமே. உங்க ராஜா பாடினாராமே. அன்னிலேர்ந்து என் வீட்டுக் கோழி முட்டையே வைக்கல."

மொந்தெசீர் கடலைப் பார்த்தார்.

"மார்செலினை ஒரு நாளைக்குக் குடு" என்றேன்.

கத்தி நின்றது. "என் புருஷனைக் கேட்டிருந்தா ஐஸ் போட்டுப் பொட்டலம் கட்டிக் குடுத்திருப்பேன். மார்செலினையா கேக்குறே?"

"உன் புருஷன் பாடுவாரா?"

"குறட்டை விடுவாரு. உங்க சபைக்கு அது போதும்." அவள் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். நான் எங்கள் தொழிலில் பார்த்தது இது: தராசைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைக்கிறவள் விற்கத் தயார். "ஏழு கிடா."

"ஏழு கிடா குடுத்தா நானே பாடக் கத்துக்குவேன்."

"கத்துக்கோ. கல்லறையில இருக்கிறவங்க எழுந்து ஓடட்டும்."

"ஒண்ணு தரேன்."

"ஒரு கிடாவுக்கு அவ இருமுவா. அவ்வளவுதான்."

ஒன்று ஒன்றரையாகி, ஏழு ஐந்தாகி, பக்கத்து மீன்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். கோயில் கழுவ ஆறு பெண்களை நான் சேர்த்தேன், கிடா நாலாயிற்று. அங்கே சிக்கிக்கொண்டது. எழேனி என் தலைக்கு மேலாக மொந்தெசீரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்டோபர் ஊர்வலத்துல எனக்கு வெயில் ஆகாது. உங்க ராஜா கிரீடத்தோட வந்து குடை பிடிக்கட்டும். கோயில்லேர்ந்து எங்க கூடம் வரைக்கும்."

"நானா?" என்றார் மொந்தெசீர்.

"எடுத்துக்கோ. கிடாவுல ரெண்டைக் குறை" என்றேன்.

"ஒடெட்டக்கா! என்னை ரெண்டு கிடாவுக்கா போட்டே?"

"சும்மா இரு ராஜா. சந்தையில உனக்கு இதுக்கு மேல போகாது."

எழேனி சிரித்த சிரிப்பில் படகில் தூங்கியவன் எழுந்துவிட்டான். ஐந்து பாட்டு என்று முடித்து, மீன் வாசனையோடு கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது. மார்செலினை யாரும் கேட்கவில்லை.

மார்செலின் வேலை செய்வது கந்தக ஊற்றில். பூமி கொதிக்கிற இடத்துக்குக் கீழே சேற்றுக் குளியலுக்கு வருகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பாள், காய்ந்த சேற்றைக் குழாய்த் தண்ணீரில் அடித்துக் கழுவுவாள். நாங்கள் மூன்று பேரும் போய் நின்றபோது, சாம்பல் பூசிய ஒரு கூட்டம் குளத்திலிருந்து ஏற மாட்டேன் என்று கிடந்தது. அவள் "அடுத்த ஆளு வரலாம்!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் வரிசையாக எழுந்து வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் எங்கள் பாஷை தெரியாது.

அவளுடைய குரலைத் தேன் என்று சொன்னால் தேனை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததாகும். அடியில் அரம் ஓடுகிற ஒரு சொரசொரப்பு, அதன் மேல் எண்ணெய். அவள் கூப்பிட்டால், நூறு பேர் நிற்கிற இடத்திலும் ஒவ்வொருவருக்கும் தன் பேரைத்தான் சொன்னாள் என்று தோன்றும்.

ஒப்பந்தத்தை எழேனி விவரித்தாள். மார்செலின் குழாயை மூடவில்லை. எங்கள் செருப்பெல்லாம் நனைந்தது.

"ரெண்டு பேரும் என் தொண்டையைத் தராசுல வச்சீங்க, சரி. தொண்டைக்குக் கீழ ஒரு ஆளு இருக்கே, அதை யாரு கேட்டீங்க?"

"சபைக்கு ரெண்டு கிடாடி" என்றாள் எழேனி.

"கிடாவைப் பாடச் சொல்லு."

எழேனி முறைத்துக்கொண்டு மொந்தெசீரின் பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள். அவள் தலை மறைந்ததும் மார்செலின் என் கையைப் பிடித்துத் துண்டுகள் காயும் கொடிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஒடெட்டக்கா, உங்க கூடத்துச் சுவரும் எங்க வீட்டுச் சுவரும் ஒண்ணுதானே?"

"ஆமா."

"சின்னப் பிள்ளையில காதைப் பொத்திக்கோன்னு அம்மா அடிப்பா. பொத்தின கைக்குள்ளயும் வரும். உங்க பாட்டு எல்லாமே எனக்குத் தெரியும். விடியல் பாட்டு இருக்கே, ஆரம்பத்துல பாடுறது, அதை லியோனீஸக்கா வருஷா வருஷம் மூணாவது அடியில அவசரப்பட்டுக் கெடுப்பாங்க. இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நான் பல்லைக் கடிப்பேன். ஒரே ஒரு தடவை அதை நேராப் பாடணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா?"

அவள் ஒரு துண்டை விலக்கிப் பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இதை எழேனிகிட்ட சொன்னே, உன்னைக் கொண்டு போய்க் கொதிக்கிற குழியில தள்ளுவேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஆனா ஊதாவுலதான் வருவேன். சிவப்பு கட்ட மாட்டேன். கட்டினா எங்க அம்மா கல்லறையிலேர்ந்து செருப்போட வருவா."

சம்மதித்தேன். திரும்பி வரும் பாதையில் பித்தோன் மலைகள் இரண்டும் கடலிலிருந்து நிமிர்ந்து நின்றன. கப்பலில் வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் பேச்சிழந்து போவார்கள். அந்த மயக்கத்தோடு அவர்கள் சந்தைக்கு வரும்போதுதான் நான் துணியை எடுத்து விரிப்பது வழக்கம். அன்று நானே பேச்சிழந்து போனேன், ஆனால் மலைக்காக அல்ல. மார்செலினையே முதலில் கேட்டிருந்தால் இலவசமாகவே வந்திருப்பாள்.

திருவிழா நாள் காலையில் பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியபோது வெயில் முகத்தில் நேராக அடித்தது. வயலின்காரரும் பாஞ்சோக்காரரும் முன்னே போனார்கள், டிரம் பின்னே வந்தது. மொந்தெசீர் சாட்டின் அங்கியில் வியர்த்து ஊற்றினார். ஓட்டுநருக்கு நடந்து பழக்கமில்லை. வளைவு வரும்போதெல்லாம் கை தானாகக் கியர் போட்டது. வீட்டு வாசல்களில் நின்ற வாடாமல்லிக்காரர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கூடத்துக்குள் காகித ரோஜாக்கள், சுட்ட சீமைப்பலா வாசனை, ரத்தப் புட்டு ஆவி பறக்கும் தட்டுகள். விருந்தாளி நாற்காலியில் எழேனி, முதுகு படாமல். கணக்குப் பார்க்க வந்திருந்தாள்.

மார்செலின் ஊதாவில் வந்தாள். பாவாடை ஊதா, தலைக்கட்டு ஊதா, மார்பில் ஒரு வாடாமல்லிப் பூ. கூட்டம் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி விடியல் பாட்டைத் தொடங்கினாள்.

முதல் அடி வந்தது. "பனியை உடுத்தி நிக்கிறா, பாருங்க." நாங்கள் பதில் பாடினோம். இரண்டாவது அடியில் டிரம்காரன் அடிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது அடி, லியோனீஸ் எப்போதும் தாவிக் குதித்து ஓடுகிற அந்த அடி, மெல்லக் கதவு திறப்பதுபோல் திறந்தது. இத்தனை வருஷம் நாங்கள் பாடியது இந்தப் பாட்டுதானா? பக்கத்தில் நின்ற இளவரசி என் கையைக் கிள்ளினாள். நானும் கிள்ளினேன்.

அப்போது விசில் ஊதியது.

ஊதியவன் எங்கள் சபைப் போலீஸ் இப்பொலீட். நிஜத்தில் அவன் வாழைத்தோட்டக்காரன். தொப்பியை வைத்துவிட்டால் அவனுக்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. சட்டம் மட்டும் தெரியும். சபை நடக்கும்போது ராஜாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கைது. ராணிக்கு முதுகைக் காட்டினால் கைது. போன வருஷம் ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரைக் கால்மேல் கால் போட்டதற்காகப் பிடித்து, கூட்டத்துக்கே இஞ்சி பீர் வாங்கித் தர வைத்தவன். அவன் மார்செலினின் தோளில் கட்டையை வைத்தான்.

"ரோஜா ராஜாங்கத்துல ஊதா உடுத்தின குத்தத்துக்காக உங்களைக் கைது பண்றேன்."

"இப்பொலீட்டு! உன்கிட்ட முன்னாடியே சொன்னேன்ல?" என்று கத்தினேன்.

"சொன்னீங்க, மகாராணி. பாடுவாங்கன்னு சொன்னீங்க. சட்டத்தை மாத்திட்டோம்னு சொல்லலியே."

அவன் சொன்னது சரிதான். கிடாவுக்கும் குடைக்கும் பேசின வாய், போலீசுக்கு அனுமதி சொல்ல மறந்துவிட்டது.

மார்செலின் கண்ணைத் திறந்தாள். தூக்கத்தில் முகத்தில் தண்ணீர் அடிக்கப்பட்டவளைப் போல் இருந்தாள். "நான் போறேன்" என்றாள், மெதுவாக.

எழேனி எழுந்தாள். "வாடி, போவோம். பாதிப் பாட்டு ஆச்சு. மீதிக்கு இவங்க போலீசே பாடட்டும். ஒடெட்டு, கிடாவைக் கட்டி அனுப்பு."

கடைசி பெஞ்சில் இருந்த மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாட்டு நின்ற கூடம் அவர்களுக்குப் பழக்கம். நான் எங்கள் கொடியைப் பார்த்தேன். எத்தனை மடிப்பாக மடிப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது.

"கைதி வெளிய போக முடியாது" என்றான் இப்பொலீட். கதவை மறித்து நின்றான். "வழக்கு முடியணும்."

எங்கள் நீதிபதி டெல்ஃபீன், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, பஞ்சு ஒட்டிய தொப்பியோடு மூலையில் புட்டு தின்றுகொண்டிருந்தாள். இப்பொலீட்டைப் பார்த்தாள், மார்செலினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அகப்பையால் மேசையைத் தட்டினாள்.

"வழக்கு நடக்கட்டும். இந்த ஊர்ச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுல பேசக் கூடாது. வாதம், சாட்சி, மறுப்பு, எதுவானாலும் பாட்டுதான். கைதி என்ன சொல்றா?"

மார்செலின் முறைத்தாள். கழுத்து நரம்பு ஏறியது. அப்புறம், இப்பொலீட்டின் முகத்துக்கு நேராக, பாட்டாகவே கொட்டினாள்:

"வேலிக்கு இந்தப் பக்கம் நான் பொறந்தேன்,
அந்தப் பக்கம் பொறந்தது பாட்டு.
வேலி தாண்டி வந்தது காத்து,
காத்து எந்தக் கட்சி, சொல்லம்மா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அறுபது தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன: "காத்து எந்தக் கட்சி, சொல்லம்மா!" டிரம் பிடித்துக்கொண்டது.

அவள் நிறுத்தவில்லை. சுவரைப் பாடினாள், காதைப் பொத்திய கையைப் பாடினாள், அம்மாவின் அடியைப் பாடினாள். எழேனியிடம் சொன்னால் கொதிக்கிற குழியில் தள்ளுவேன் என்று என்னை மிரட்டியவள், எழேனியை நேராகப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பாட்டில் போட்டு உடைத்தாள். எழேனியின் முகம் விற்காத மீனைப் போல் விறைத்தது.

இந்த இடத்தில்தான் டெல்ஃபீனின் கெட்டிக்காரத்தனம். எந்தக் குழம்பை எப்போது இறக்க வேண்டும் என்று தெரிந்தவள், கொதிக்கிற வழக்கை இறக்க அவசரப்படவில்லை. "சாட்சி வரட்டும்" என்றாள். இப்பொலீட் சாட்சியானான், மார்செலின் அவனைக் குறுக்கு விசாரணை செய்து பாடியதில் அவனுடைய வாழைத்தோட்டம், கிழிந்த பூட்ஸ், பாதிரியாரிடம் குடித்த இஞ்சி பீர் எல்லாம் வந்தன. அவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான், கைதட்டினார்கள். அடுத்து ஊதாச் சரக்கு கடத்தியதாக என் மேல் குற்றம். சந்தையில் நான் கப்பல்காரர்களுக்குச் சொல்லும் விலையை மார்செலின் பாட்டில் வைத்தபோது என் மகன் முதற்கொண்டு எல்லாரும் பதில் பாடினார்கள். ஒரு குற்றம் ஓய்ந்தால் டெல்ஃபீன் இன்னொன்று கண்டுபிடித்தாள். கூலிக்குப் பாட வந்த மார்செலின் நன்றாகப் பாடினாள்; கைதியான மார்செலின் கூரையைப் பிய்த்தாள்.

கடைசியில் அகப்பை எழேனி பக்கம் திரும்பியது.

"வாடாமல்லி ராணி சாட்சி சொல்லணும். இந்தப் பொண்ணு உங்க பூவுக்குத் துரோகம் பண்ணினாளா?"

மீன் விலை கூவிக் கூவித் தேய்ந்த தொண்டை எழேனியுடையது. தன் சபையிலேயே அவள் தனியாகப் பாடி நான் கேட்டதில்லை. மெல்ல எழுந்து, பாவாடையை நீவிவிட்டு, கரகரவென்று இரண்டே அடி பாடினாள்:

"பொத்தின காதுல எனக்கும் கேட்டுச்சு,
போனா போகுது, சொல்லிப்புட்டேன்."

மார்செலின் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஆட்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் கடைசி பெஞ்சை விட்டு நடுக்கூடத்துக்கு வந்து ஆடினார்கள். மொந்தெசீர் கிரீடத்தைக் கழற்றி விசிறிக்கொண்டார், அதற்காக அவரும் கைதானார்.

சூரியன் சின்னப் பித்தோனுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் டெல்ஃபீன் தீர்ப்புச் சொன்னாள், பாட்டாக அல்ல, அவளுக்குத் தொண்டை போயிருந்தது.

"குத்தம் நிரூபணம் ஆச்சு. ஊதா ஊதாதான். கைதி பாதியில விட்ட விடியல் பாட்டோட மறுபாதியை இந்தக் கோர்ட்டு ஜப்தி பண்ணுது. அது அடுத்த ஆகஸ்டு வரைக்கும் எங்க காவல்ல இருக்கும். வேணும்னா கைதியே வந்து மீட்டுக்கலாம்."

"பாவிங்களா!" என்றாள் மார்செலின். "அந்த மறுபாதிக்காகத்தானே வந்தேன்!"

"அதனாலதான்" என்றாள் டெல்ஃபீன், ஆறிப்போன புட்டைக் கையில் எடுத்துக்கொண்டு.

மறுநாள் காலை இரண்டு கிடாவையும் நானே ஓட்டிக்கொண்டு சூஃப்ரியேர் கடற்கரைக்குப் போனேன். எழேனி தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு கிடா எங்கே?" என்றாள். "பதினோரு பாட்டு பாடியிருக்கா. நான் எண்ணிட்டேதான் இருந்தேன். அஞ்சு போக ஆறுக்குத் தனிக் கணக்கு."

"எந்தப் பதினொண்ணு? அவ பாடினது அரைப் பாட்டு. அப்புறம் நடந்தது வழக்கு."

"வழக்கா? நாலு தெரு தாண்டிக் கேட்டுதாம்!"

"சாட்சி சொன்னதுக்குக் கூலி கேக்குற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா? கோர்ட்டு அவமதிப்பு, எழேனி. இப்பொலீட்டைக் கூப்பிடவா?"

அவள் கப்பைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அரைப் பாட்டுன்னே வச்சுக்குவோம். அப்போ மீதி?"

"மீதியை நீங்கதான் தரணும்."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் மீன்காரி ஆயிற்றே, ஒரு வார்த்தை வாங்காமல் விடுவாளா. "ஒரு டூனா வாங்கிக்கிட்டுப் போ" என்றாள். "இதுதான் கடைசி விலை." அது பொய் என்று தெரிந்தும் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபரும் வந்து போயிற்று. ஆக, இன்றைய தேதிக்குக் கணக்கு இப்படி நிற்கிறது. ரோஜா சபை கொடுத்தது: கிடா இரண்டு. கோயில் கழுவிய பெண்கள் ஆறு பேர், இரண்டு பேர் முனகிக்கொண்டே. குடை பிடித்த ராஜா ஒருவர், கோயிலிலிருந்து கூடம் வரை, இடது கையை மாற்றாமல். வாடாமல்லி சபை கொடுத்தது: பாட்டு அரை. வர வேண்டிய பாக்கி: பாட்டு நாலரை.